முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி பால்வெட்டுக்குப் போவது எப்படி

பால்வெட்டு என்றால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்குவது. நான் வெட்டும் தோட்டத்தில் 340 ரப்பர் மரம் உண்டு. அதில் 118 மரத்தில் வெட்டு என் முட்டுக்கு, அதாவது முழங்காலுக்கு, கீழே இறங்கிவிட்டது. அப்படியென்றால் ஒரு வெட்டு நாளில் 118 தடவை குத்தவைத்து எழும்ப வேண்டும். மருமகனை (அக்கா மகனை) விட்டு இந்தக் கணக்கை எண்ணச் சொன்னது ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான். முன்பே எண்ணியிருந்தால் என் பிசியோதெரபி வேறு மாதிரி தொடங்கியிருக்கும். ஒரு மாதமாவது மிச்சப்பட்டிருக்கும்.

ஊர் குலசேகரம் பக்கம். வயது 43, அதில் 20 வருடம் பால்வெட்டு. போனதுக்கு முந்தின வருடம் ஐப்பசியில், பால் வாளியோடு, சரிவில் படி போல வெட்டிய தட்டுகளில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறங்கும்போது இடது கால் வேரில் மாட்டிக்கொண்டது. கால் நின்றது, உடம்பு திரும்பியது. பச்சைக் கம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். வாளிப் பால் முழுக்க மண்ணில். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முட்டு தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் ஆசானிடம்தான் போனேன். குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான் இல்லாத ஊர் குறைவு. எலும்பு முறிவு, சுளுக்கு என்றால் கால் தானாக அங்கே போகும். அவர் முட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "மக்கா, எலும்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள எதோ அறுந்து கெடக்கு. இது என் கையில நிக்காது. படம் எடுத்துப் பாரு" என்றார். எண்ணெய் போட்டு வரிந்து கட்டி ஒரு மாதம் இழுத்தடிக்காமல் அப்படிச் சொன்னாரே, அதற்கே அவருக்கு நான் கடன்பட்டவன்.

எம்.ஆர்.ஐ. படத்தில் ஏ.சி.எல். என்கிற முன்பக்க லிகமென்ட் முழுதாக அறுந்திருந்தது. உள்பக்க ஜவ்வும் கிழிந்திருந்தது, அதை மெனிஸ்கஸ் என்கிறார்கள். அதே காலின் பின் தொடையிலிருந்து நரம்பு மாதிரி ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு உள்ளே கோத்துப் புது லிகமென்ட்டாக வைத்தார்கள். ஜவ்வைத் தைத்தார்கள். இனிமேல் நான் சொல்லும் நாள்கணக்கு இந்த ஆபரேஷனுக்கு உள்ளது. ஜவ்வைத் தைக்காமல் வெட்டி எடுத்தவர்களுக்குக் கணக்கு குறையும், மூட்டே மாற்றி வைத்தவர்களுக்கு அது வேறு கதை. உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு

அடிபட்ட உடனே ஆபரேஷன் செய்யமாட்டார்கள். வீக்கம் வற்ற வேண்டும், கால் முழுதாக நீள வேண்டும், ஓரளவு மடங்கவும் வேண்டும். விறைத்துக் கிடக்கிற முட்டில் ஆபரேஷன் செய்தால் பிறகு அந்த விறைப்பை எடுப்பது பெரிய பாடு. எனக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தையும் நான் வெறுமனே படுத்துத் தீர்த்தேன். தொடையை இறுக்கும் பயிற்சியை அப்போதே சொல்லித் தந்தார்கள், ஏனோதானோ என்றுதான் செய்தேன். அந்த ஆறு வாரத்தில் தொடையில் எவ்வளவு சதை சேர்த்து வைக்கிறோமோ அவ்வளவு பிறகு கைகொடுக்கும்.

அந்த நாட்களில் உருப்படியாகச் செய்தது இரண்டு காரியம். ஒன்று, தோட்டத்து முதலாளியிடம் முன்கூட்டியே பேசியது. "எட்டு மாதம் ஆகும், மரத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடாதீர்கள், என் அக்கா மகன் வெட்டுவான், வெட்டுக்கூலி அவனுக்கு, நான் நடமாட ஆனதும் பாலை உறையவைத்து ஷீட் ஆக்கும் வேலையைப் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். நாங்கள் மரக்கணக்குக்கு வெட்டுகிறவர்கள். வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது, லீவு என்கிற பேச்சே கிடையாது. படுத்த பிறகு பேசப் போனால் இரக்கம்தான் கிடைக்கும். நடமாடும்போதே பேசினால் ஒப்பந்தம் கிடைக்கும்.

இன்னொன்று காப்பீடு. முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு உள்ளது அது. அட்டை கையில் இருப்பதால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது. நீங்கள் போகும் மருத்துவமனை அதில் சேர்ந்திருக்க வேண்டும், உங்கள் ஆபரேஷன் பட்டியலில் இருக்க வேண்டும், முன் அனுமதி வர வேண்டும். தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பிரேஸ் (முட்டு அசையாமல் கட்டும் தாங்கி), ஊன்றுகோல், பிசியோதெரபிக்குப் போய்வரும் வண்டிக்கூலி இதெல்லாம் என் கைக்காசில்தான் போனது. ஆபரேஷனை விட வண்டிக்கூலிதான் என்னைத் தின்றது என்றால் நம்பமாட்டீர்கள்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் எப்படியும் வெட்டு இல்லை. மார்கழித் தொடக்கத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால் அந்த வேலையில்லாத மாதங்கள் படுக்கையோடு சேர்ந்து போய்விடும். டாக்டர் "அவசரமில்லை, சில வாரம் தள்ளலாம்" என்று சொல்கிற நிலையில் இருந்தால் உங்கள் தொழிலின் ஓய்வு மாதத்தைப் பார்த்துத் தேதி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டில் மாற்ற வேண்டியவை: தரைப்பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். கழிப்பறை எங்கள் வீட்டில் பழைய முறை, குத்தவைத்து இருக்கிறது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி அதன்மேல் போட்டோம். மருத்துவக் கருவி விற்கும் கடையில் வாடகைக்கும் கிடைக்கும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் மிதியடி, கயிறு, கோழிக்கூடு எதுவும் கிடக்கக் கூடாது.

முதல் ஆறு வாரம்

ஆபரேஷன் முடிந்தவர்கள் எல்லாரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றுதான் கேட்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களும் அதையே கேட்டார்கள். ஆனால் முதலில் வர வேண்டியது நீட்டல். முட்டு முழுதாக நீளவில்லை என்றால் நடக்கும்போது வாழ்நாள் முழுக்க நொண்டுவீர்கள். அதனால் முட்டுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் சுகமாக இருக்கும், அதுதான் ஆபத்து. வளைந்த நிலையிலேயே உறைந்துவிடும். அதற்குப் பதில் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டை அந்தரத்தில் விட்டுவிட வேண்டும். தன் பாரத்திலேயே அது கீழே இறங்கி நேராகும். பத்து நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை. என் மாமி இரண்டு தடவை தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், இரண்டு தடவையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கோபித்துக்கொண்டார்.

அதோடு தொடையை இறுக்குவது. முட்டுச் சிரட்டை தொடைப் பக்கம் ஏறும்படி இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். முதல் நாள் என் தொடைக்கு நான் சொன்னது கேட்கவே இல்லை. மூளை ஒன்று சொல்கிறது, தொடை செத்த மாதிரிக் கிடக்கிறது. பயந்துவிட்டேன். வீக்கம் இருக்கும் முட்டில் தொடைத்தசை அப்படித்தான் அணைந்துவிடும் என்றார்கள். நாலாம் நாள் லேசாகத் துடித்தது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதையும் விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கொரு தடவை செய்ய வேண்டும், கெண்டைக்காலில் ரத்தம் கட்டாமல் இருக்க.

ஐஸ் கட்டிக்கு நாங்கள் கடைக்கு ஓடவில்லை. சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் கேட்டால் ஒரு கை அள்ளிப் போடுவார். பிளாஸ்டிக் கவரில் கட்டி, தோர்த்துத் துண்டில் பொதிந்து, 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். நேரடியாகத் தோலில் வைத்தால் வெந்த மாதிரி ஆகிவிடும். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கவரில் ஓட்டை இருந்தால் மீன் தண்ணீர் புண்ணில் இறங்கும்.

ஊன்றுகோலில் பாரம் கையில் விழ வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஒற்றை ஊன்றுகோலுக்கு வந்த பிறகு அதை நல்ல கால் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தலைகீழாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது, நடந்து பார்த்தால் புரிந்துவிடும். ஜவ்வு தைத்திருப்பதால் எனக்கு ஆறு வாரம் வரை பிரேஸைப் பூட்டித்தான் நடை, மடக்குவது 90 டிகிரிக்கு மேல் கூடாது.

கீறலுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யாரோ காலைத் தொட்ட மாதிரி. நார் எடுக்கும்போது தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபடுவதால் அப்படி ஆவது உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவை வேறு: கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தையலில் நீர் கசிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எண்ணெய். இதைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரில் முட்டைப் பற்றி எழுதவே முடியாது. பார்க்க வந்த பத்துப் பேரில் ஏழு பேர் ஒரு குப்பி எண்ணெயோடு வந்தார்கள். "சூடாக்கித் தடவினா ஒரு வாரத்துல ஓடலாம்." புண் ஆறாத முட்டில் எண்ணெய் போனால் சீழ் பிடிக்கும். கெண்டைக்காலை அமுக்கித் தேய்ப்பது இன்னும் மோசம், உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். குப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டேன், மனம் நோகக் கூடாதே. இப்போதும் அலமாரியில் ஐந்து இருக்கிறது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சதை போட்டு வர வேண்டும் என்பதால் மீன், முட்டை, பயறு தினமும். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்றால் கிழங்கைக் குறைத்துச் சாளையைக் கூட்டினேன். படுத்தே கிடக்கும்போது கிழங்கு வயிற்றில்தான் சேரும்.

வலி இல்லாத மாதம்தான் மோசமான மாதம்

இரண்டரை மாதத்தில் எனக்கு வலி கிட்டத்தட்டப் போய்விட்டது. ஊன்றுகோல் இல்லை, பிரேஸ் இல்லை. வீட்டைச் சுற்றி நடக்கிறேன். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, பின் சக்கரம் சும்மா சுற்ற மிதிக்கிறேன். தினமும் 20 நிமிடம், அதற்குத் தனி மெஷின் வேண்டியதில்லை. நாம் சரியாகிவிட்டோம் என்று தோன்றியது.

11-ஆம் வாரம், துளிர் வந்துவிட்டதா என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். வெட்டப் போகவில்லை, பார்க்கத்தான். ஆனால் அது மாசி மாதம். ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து தட்டில் கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. காய்ந்த ரப்பர் இலைமேல் நடப்பது எண்ணெய்த் தரையில் நடப்பது போல என்று 20 வருடமாகத் தெரியும். தெரிந்தும் வழுக்கினேன். விழவில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் முட்டு ஒரு தடவை முறுக்கிக்கொண்டது. சாயங்காலம் மறுபடி தேங்காய்.

டாக்டர் இழுத்துப் பார்த்து, புது லிகமென்ட் பிழைத்திருக்கிறது என்று சொல்லும் வரை எனக்கு உயிர் இல்லை. பிசியோதெரபி பார்க்கும் தங்கச்சிதான் விளக்கினாள். "அண்ணா, வலி இல்லங்கிறது லிகமென்ட் பலமாயிட்டதுக்கு அடையாளம் இல்ல. வச்ச நாருக்கு இப்பதான் புதுசா ரத்த ஓட்டம் வந்துக்கிட்டிருக்கு. ஆறாவது வாரத்துலேருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும் அது வச்ச அன்னைக்கு இருந்ததவிட பலவீனமா இருக்கும்." பதியம் போட்ட கொப்பு வேர் பிடிக்கும் முன் ஆட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாததா? காலில் வைத்ததும் பதியம்தான் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த வழுக்கலுக்கு இரண்டு வாரம் போனது.

உங்கள் வேலையைப் பிசியோதெரபிக்குக் கொண்டு போங்கள்

அதற்குப் பிறகுதான் அவளிடம் என் வேலையைப் பற்றிச் சரியாகச் சொன்னேன். அதுவரை சீட்டில் "கூலி" என்று மட்டும் எழுதியிருந்தது. கூலி என்றால் அவளுக்கு என்ன தெரியும்? மூட்டை தூக்குகிறவரா, கொத்தனாரா? வேலையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, வேலையில் முட்டு என்னென்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நான் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன்:

வெட்டுக்கு ஒரு சுற்று, பால் எடுக்க ஒரு சுற்று, ஆக 340 மரத்தையும் இரண்டு தடவை சுற்ற வேண்டும். தட்டுக்குத் தட்டு முக்கால் அடியிலிருந்து இரண்டடி வரை இறக்கம். இருட்டில், தலையில் கட்டிய லைட்டோடு வேலை, ஏனென்றால் வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் அழுத்தம் கூடுதல். பால் எடுக்கும்போது கையில் 10 லிட்டர் வாளி, அது கிட்டத்தட்ட 10 கிலோ. அப்புறம் 118 குத்தவைப்பு.

கடைசி வரியைப் பார்த்து அவள் கேட்டாள், "ஏன் அண்ணா சில மரத்துல மட்டும் கீழ?" ஒட்டு மரத்தில் முதல் வெட்டை ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் திறப்போம். அது நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, நின்றே வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டை இழை இழையாகக் கீழே இறங்கி, வருடங்கள் போகப் போக இடுப்பு, தொடை, முட்டு என்று வந்து கடைசியில் கணுக்காலுக்கு வந்துவிடும். ஆக என் முட்டுக்கு எவ்வளவு வேலை என்பது மரத்தின் வயதையும் பட்டையையும் பொறுத்தது. இதைக் கேட்டதும் அவளுக்கு வழி பிறந்தது. "அப்போ மேல்வெட்டு மரத்துல ஆரம்பிங்க. கீழ்வெட்டு கடைசி."

அவள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பயிற்சியை மாற்றினாள். இறக்கத்துக்கு: 10 சென்டிமீட்டர் பலகை, பிறகு ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து அதன்மேல் இன்னொன்று, பிறகு வீட்டுத் திண்ணைப் படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். மெதுவாக, முட்டு உள்பக்கம் சாயாமல், குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று எண்ணி இறங்க வேண்டும். குத்தவைப்புக்கு: நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்புவது, அது சுலபமானதும் ஸ்டூல், பிறகு குரண்டி என்கிற தாழ்ந்த பலகை. குரண்டி வரை வர எனக்கு ஏழு மாதம் ஆனது. தைத்த ஜவ்வின்மேல் உடம்புப் பாரத்தோடு முட்டை முழுதாக மடக்கினால் தையலே பிரியலாம், அதனால் டாக்டர் அனுமதிக்காமல் குரண்டிக்குக் கீழே போகவில்லை.

இருட்டுக்கு அவள் கொடுத்த பயிற்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒற்றைக் காலில் நில், அது வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நில். கண் திறந்திருக்கும்போது 40 விநாடி நின்றவன் கண்ணை மூடியதும் 3 விநாடியில் சுவரைப் பிடித்தேன். நல்ல காலிலும் 15 விநாடிதான், அது வேறு விஷயம். வெளிச்சத்தில் முட்டின் குறையைக் கண் மறைத்துவிடுகிறது. இருட்டில் வேலை செய்கிறவர்கள், மீன்பிடிக்கப் போகிறவர்கள், இரவு வாட்ச்மேன் எல்லாரும் இதைச் செய்து பார்க்காமல் வேலைக்குப் போகாதீர்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

நடைக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனேன். 1966-ல் கட்டிய பாலம், பறளியாற்றுக்கு மேலே தண்ணீர் கொண்டுபோகிற தொட்டி, பக்கத்தில் மனிதன் நடக்க வழி. மேடு பள்ளம் இல்லை, பக்கத்தில் பிடிக்கக் கைச்சுவர், காற்று வேறு. முட்டு நோயாளிக்கு என்றே கட்டிய மாதிரி. காலையில் சீக்கிரம் போய்விட்டால் சுற்றுலாக்காரர்கள் வருவதற்குள் இரண்டு தடவை போய்வந்துவிடலாம். ஆறாம் மாதம் அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கும் படியில் இறங்கினேன். ஏறும்போது சாயாக்கடை அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார், எத்தனை இடத்தில் நின்றேன் என்று.

தையல்காரர் டேப் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிரட்டைக்கு மேலே ஒரு சாண் தள்ளித் தொடையைச் சுற்றி மாதம் ஒரு தடவை அளந்தேன். இரண்டு தொடைக்கும் முதலில் 4 சென்டிமீட்டர் வித்தியாசம். எட்டாம் மாதம் 1.5. சிரட்டைக்கு நடுவிலும் அளக்க வேண்டும், அது வீக்கத்துக்கு. பயிற்சி செய்த மறுநாள் காலையில் அந்த அளவு 1 சென்டிமீட்டர் கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். வலியைவிட டேப் நேர்மையானது. வலி மாத்திரை போட்டால் போய்விடும், டேப்புக்கு மாத்திரை கிடையாது.

வேலைக்குப் போவது

"ஓய்வு தேவை" என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஓய்வு என்றால் முதலாளிக்குக் காதில் விழுவது "வேலைக்கு ஆகமாட்டான்" என்பதுதான். நான் கேட்டு வாங்கியது வேறு மாதிரி: நின்று செய்யும் வேலை செய்யலாம், குத்தவைக்கக் கூடாது, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, சரிவில் இறங்கக் கூடாது, இன்ன தேதியில் மறுபடி பார்க்க வேண்டும். செய்யலாம் என்பதை முதல் வரியில் எழுதச் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

அந்தச் சீட்டை வைத்து நாலரை மாதத்தில், சித்திரை கடைசியில், ஷீட் வேலைக்குப் போனேன். மருமகன் கொண்டுவரும் பாலில் தண்ணீரும் ஆசிட்டும் கலந்து டிஷ்ஷில் ஊற்றி, மறுநாள் உறைந்ததை எடுத்து ரோலரில் கொடுப்பது. டிஷ்களை எங்கள் ஷெட்டில் தரையில்தான் வரிசையாக வைத்திருந்தோம். பழைய கதவு ஒன்றை நாலு கல்லின்மேல் போட்டு இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். மருமகன், "மாமா, இத அப்பவே செஞ்சிருக்கலாமே, என் இடுப்பும் தப்பிச்சிருக்கும்" என்றான். ரோலர் பக்கத்தில் தரை எப்போதும் ஈரம், சாக்கு விரித்து நின்றேன்.

பைக்கை மூன்றாம் மாதம் தொட்டுப் பார்த்தேன், ஓட்டவில்லை. இடது முட்டு என்றால் கியர் மட்டும்தானே என்று நினைப்போம். ஆனால் நிறுத்தும்போது இடது காலைத்தான் ஊன்றுகிறோம், வண்டிப் பாரம் முழுக்கச் சாய்ந்து வருவது அந்தக் காலில். டாக்டரிடம் கேட்டு நாலாம் மாதம் தொடங்கினேன், சமதரையில் மட்டும்.

ஆறாம் மாதம் வெட்டத் தொடங்கலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஆனி மாதம், மழை. நனைந்த தட்டு, பாசி, அட்டை. மரத்துக்கு மழைக்கவர் கட்டி மருமகன் வெட்டிக்கொண்டிருந்தான், நான் போகவில்லை. காலெண்டரைப் பார்த்து வேலைக்குப் போகாதீர்கள், தரையைப் பார்த்துப் போங்கள். ஆவணியில், எட்டு மாதம் முடிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்ததும் போனேன்.

முதல் வாரம் 40 மரம். மேல்வெட்டு மரம், சமமான தட்டு, விடிந்த பிறகு. விடிந்து வெட்டினால் பால் குறையும், முதலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்பதால் நடுவில் தானாகவே ஓய்வு கிடைத்தது, டேப் பார்க்கவும் வசதி. அளவு கூடவில்லை என்றால் அடுத்த வாரம் 20 மரம் கூட்டுவேன். கூடினால் முந்தின வார எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுவேன். ஒரு தடவை கூடியது, 80 மரத்தில் வைத்து. அந்த வாரம் நான் இரண்டு வாளியை ஒன்றாகத் தூக்கியிருந்தேன், குற்றம் மரத்தின்மேல் இல்லை. பிறகு 5 லிட்டர் வாளிக்கு மாறினேன். நடை கூடும், ஆனால் முட்டு பேசாமல் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு மறுபடி நின்றுவிட்டு, மார்கழியில் தொடர்ந்து, தை மாதம் மேல்வெட்டு மரம் 222-ம் என் கைக்கு வந்துவிட்டது. அதிகாலை மூன்று மணிக்கு லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

இடையில் பணம் எப்படி என்று கேட்பீர்கள். மனைவி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கப் போகிறாள். எட்டு மாதமும் அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அவளும் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து முட்டை மடக்குகிறவள்தான். சாயங்காலம் என் முட்டுக்கு ஐஸ் வைக்கும்போது தன் முட்டைத் தேய்த்துக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போது நாற்காலியில் எழும்பி உட்காரும் பயிற்சியை இரண்டு பேரும்தான் செய்கிறோம், அவள் என்னைவிட இரண்டு கூடுதல்.

இன்னும் மிச்சம் இருப்பது முழங்கால்படியிடுவது. கோயிலில் எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கீறல் தழும்பின்மேல் பாரம் விழுந்தால் இப்போதும் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கிறது. முன் வரிசைப் பாட்டி ஒருத்தி ஒவ்வொரு ஞாயிறும் திரும்பிப் பார்க்கிறார். விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது.

கீழ்வெட்டு 118-ல் சுமார் 50 மரம் நான் வெட்டுகிறேன், பலாப் பலகையில் செய்த ஒரு சாண் உயரக் குரண்டியைக் கையில் எடுத்துப் போய், மரத்தடியில் போட்டு உட்கார்ந்து. மற்றதை மருமகன் வெட்டுகிறான். இப்போது இலை உதிர்ந்து வெட்டு நின்றிருக்கிறது. அந்த மரங்களில் இந்தப் பக்கப் பட்டை தீர்ந்துவிட்டது. துளிர் முற்றியதும், சித்திரையில், மறுபக்கம் மேலே புதுப்பட்டை திறக்கப்போகிறோம். நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, 125 சென்டிமீட்டரில். நேற்று முதலாளியும் நானும் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு போய் 30 மரத்தில் அடையாளம் போட்டுவிட்டு வந்தோம்.